முழு நிம்மதித் திட்டத்தில் லயனல் ஹார்க்கர்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ரெட்கார் ஊரில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் எங்கள் வரிசை வீடுகளில் பதினேழாம் எண் வீடு லயனல் ஹார்க்கருடையது. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. ஒரு பலகையில் ஏதாவது எழுதியிருந்தால் யாரோ யோசித்துத்தான் அதை எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறவர். இதைத் தவிர அவரிடம் குறையென்று எதையும் நான் கண்டதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அவர் மனைவி தெல்மாவுக்கு நிமோனியா வந்தது. இரண்டு வாரம் தீவிர சிகிச்சையில் இருந்தாள். பிறகு சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே மரிசெல் என்ற நர்ஸ் லயனலைத் தனியாக அழைத்துப் பேசினாள். தெல்மாவின் நுரையீரல் இனி குளிரைத் தாங்காது. அவளுடைய படுக்கையைக் கீழே முன்னறையில் போட வேண்டும். அந்த அறை இரவும் பகலும் இருபத்தொரு டிகிரிக்குக் குறையக் கூடாது. அதைத் தான் நேரில் வந்து அளந்து கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். காற்றை ஊதுகிற சிறிய மின்விசிறி ஹீட்டர் உதவாது, அது தூசியைக் கிளப்பும் என்றாள். லயனல் எல்லாவற்றையும் ஒரு பழைய பயணச்சீட்டுச் சுருளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே அனுப்பி வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு வயது பதினேழு. தினமும் காலையில் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் பற்றும். தெல்மா வரும் நேரத்தில் அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, லயனல் அதற்குக் காப்பீடு எடுக்க முடிவு செய்தார். எல்லாப் பேருந்துகளின் முதுகிலும் வார்ம்ஸ்டெட் நிறுவனத்தின் விளம்பரம் இருந்தது. ஒரு நாய், ஒரு கம்பளம், ஒரு தொலைபேசி எண். லயனல் அந்த எண்ணை அழைத்தார்.

காத்திருப்பவர்களுக்கு அங்கே பாட்டுப் போடுவதில்லை. விறகு எரியும் சத்தத்தைப் போடுகிறார்கள். லயனல் வெகுநேரம் அந்தத் தீயைக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு கர்ஸ்டி என்ற பெண் வந்தாள். தன் பதவி கதகதப்பு வழிகாட்டி என்றாள். லயனல் என்று பெயர் சொல்லியே கூப்பிடலாமா என்று கேட்டாள். அவர் சரி என்றதும் அதைப் பதிவு செய்துகொண்டாள்.

மூன்று திட்டங்கள் இருந்தன. அடிப்படை நிம்மதித் திட்டம் பாய்லரைக் காக்கும், உள்ளே அசைகிற பாகங்களைத் தவிர. நடுத்தர நிம்மதித் திட்டம் அசைகிற பாகங்களையும் காக்கும், அவை அசையாமல் நின்றுபோனால் தவிர. முழு நிம்மதித் திட்டம் எல்லாவற்றையும் காக்கும், பழுதாகக்கூடியது என்று ஆய்வாளர் கருதும் பொருட்களைத் தவிர.

லயனல் இதை எழுதி, படித்துப் பார்த்து, தயங்கிக் கேட்டார். "அப்ப எது பழுதாகாதோ அதுக்குத்தான் காப்பீடா?"

"பழுதாகாதுங்கற நம்பிக்கை எங்களுக்கு இருக்கறதாலதானே லயனல், நாங்க பொறுப்பே ஏத்துக்கறோம்" என்றாள் கர்ஸ்டி. "நம்பிக்கை இல்லாத பொருளுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டா அது உங்களை ஏமாத்தற மாதிரி ஆகாதா?"

அவள் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. லயனல் முழு நிம்மதியை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். நெவில் ஸ்பென்ஸ்லி என்று பெயர். மெலிந்த, மரியாதையான மனிதர். கையில் ஒரு சுருள் சிவப்பு ஒட்டுத்தாள். ஒவ்வொன்றிலும் 'இது காப்பீட்டில் இல்லை' என்று அச்சடித்திருந்தது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாய்லரின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். திறந்து பார்க்கப் போகிறாரா என்று லயனல் கேட்டதற்கு, தான் பார்ப்பவன், தொடுபவன் வேறு ஆள் என்றார். பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருப்பதாகவும் இதுவரை ஒரு பாய்லரையும் தொட்டதில்லை என்றும் சொன்னார். அதில் பெருமை தெரிந்தது.

பிறகு ஒட்ட ஆரம்பித்தார். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட், அதைத் திருகுகிறார்கள் என்பதால். பம்ப், அது சுற்றுகிறது என்பதால். தரைக்கடியில் போகும் குழாய்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால், அந்த இடத்துத் தரையில் ஒரு ஒட்டு. வீட்டுக்கு வெளியே சுவரோடு இறங்கும் பாய்லரின் கழிவுநீர்க் குழாய் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்பதால் அதன்மேலும் ஒன்று. அறைகளுக்குச் சூடு தரும் ஆறு ரேடியேட்டர்களில் நான்கு கீழ்ப்பக்கம் கொஞ்சம் ஆறியிருந்தன. மற்ற இரண்டும் அந்த நான்கோடு பழகியவை என்றார்.

ஒன்றரை மணி நேரத்தில் சுருள் தீர்ந்தது. அப்படியானால் எதுதான் காப்பீட்டில் இருக்கிறது என்று லயனல் கேட்டார். நெவில் ஸ்பென்ஸ்லி பாய்லரின் முன்பக்கத்து வெள்ளைத் தகட்டை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் காண்பித்தார்.

"இது நல்ல தகடுங்க. நூறு வருஷம் இருக்கும். இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க ஒரு நிமிஷம்கூடக் கவலைப்பட வேணாம்."

திட்டம் அன்றே தொடங்கியது. ஆனால் முதல் இருபத்தெட்டு நாட்களுக்கு எதையும் கோர முடியாது. அதற்கு ஆறவிடும் காலம் என்று பெயர்.

இருபத்தாறாம் நாள் காலை கடலோரக் குட்டைகள் உறைந்து வெள்ளையாகிக் கிடந்தன. பாய்லர் வழக்கம்போல இருமியது. மறுபடி இருமியது. பிறகு சிவப்பு விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு பேசாமலிருந்துவிட்டது.

லயனல் தொலைபேசியை எடுத்தார். தீயைக் கேட்டார். கர்ஸ்டிதான் வந்தாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே, தயவுசெய்து எதையும் சொல்லிவிட வேண்டாம் என்று தடுத்தாள். ஆறவிடும் காலத்தில் பழுதைத் தெரிவித்தால் அது பழைய பழுது ஆகிவிடும், திட்டமே செல்லாது. மூன்று நாள் கழித்துச் சொல்லலாமா என்றால், இன்று தெரிந்த பழுதை மூன்று நாள் கழித்துத் தெரிந்ததாகச் சொல்வது மோசடி. வழக்குப் போடுவார்கள். எங்கள் நிபந்தனைப் புத்தகத்தில் பழுது என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, படிக்கிறேன் கேளுங்கள் என்றாள். வாடிக்கையாளர் குளிரைக் கவனிக்கும் கணத்தில் பழுது பிறக்கிறது.

"அதனால உங்களையே கேக்கறேன், லயனல். நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?"

லயனல் மேல்கோட்டோடும் தொப்பியோடும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. தெல்மாவை நினைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்லை" என்றார்.

"ரொம்ப நல்லது. நாளைக்கும் அப்படியே இருங்க."

அப்படித்தான் அவர் குளிரைக் கவனிக்காமல் இருக்கத் தொடங்கினார். முதல் நாள் கஷ்டமாக இருந்தது. கோட்டைக் கழற்ற மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜன்னலின் உட்பக்கம் பனி படிந்திருந்ததால் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். இரண்டாம் நாள் அவ்வளவு கஷ்டமில்லை. அன்று வார்ம்ஸ்டெட்டின் தர மேம்பாட்டுத் துறையிலிருந்து ஒருவர் அழைத்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் வீட்டின் கதகதப்புக்கு எத்தனை மதிப்பெண் தருவார் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை என்றார் லயனல். பதில் இல்லாதவற்றைப் பத்தாக எடுத்துக்கொள்வது வழக்கம் என்று சொல்லி அவர் நன்றி கூறினார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை லயனல் அழைத்து, கவனித்துவிட்டேன் என்றார். கர்ஸ்டி உண்மையிலேயே வருத்தப்பட்டாள். வீட்டில் வேறு ஏதாவது ஹீட்டர் ஓடுகிறதா என்று கேட்டாள். சின்ன மின்விசிறி ஹீட்டர் ஒன்று சமையலறையில் ஓடுவதாகச் சொன்னார். அப்படியானால் வெப்பம் முழுதாக இழக்கப்படவில்லை, குறைந்திருக்கிறது அவ்வளவுதான். குறைந்ததற்கு ஆள் அனுப்புவதில்லை என்றாள். லயனல் போய் அதை அணைத்துவிட்டு வந்தார். இப்போது இழப்பு முழுமையானது என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்த கேள்வி, வீட்டில் உடல்நலம் குன்றியவர்கள் யாராவது இருக்கிறார்களா. இருந்தால் நான்கு மணி நேரத்தில் ஆள் வருவார். லயனல் தெல்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா? இல்லை, ஆஸ்பத்திரியில், வீடு சூடானால்தான் அனுப்புவார்கள்.

"வீட்டுல இல்லாதவங்களுக்குக் குளிராது, லயனல்" என்றாள் கர்ஸ்டி மென்மையாக. "அவங்க வந்ததும் கூப்பிடுங்க. ஓடி வந்துடுவோம்."

லயனலுக்கே எழுபது ஆகியிருந்தாலும் முன்னுரிமை கிடைத்திருக்கும். அறுபத்தெட்டுதான். சாதாரண வரிசையில் பத்தொன்பது நாள் ஆகும் என்றாள்.

அந்த நாட்களில் லயனலை நான் தெருவில் பார்ப்பேன். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு முந்தையதில் வருவார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நின்று யோசிப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உறுப்பு எதுவோ அவரிடம் மரத்துப் போயிருந்தது. கோபம் வரவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். கோபப்பட்டால் கவனித்தது போல ஆகிவிடுமே என்றார். தெல்மாவிடம் எதுவும் சொல்லவில்லை என்றும் சொன்னார். என் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னேன். பாய்லர்க்காரர்கள் சொல்லாமல் வந்துவிட்டால் ஆள் இல்லையென்று போய்விடுவார்கள் என்று மறுத்துவிட்டார்.

அப்படிக் காத்திருந்த பத்தாம் நாள் ஒரு வண்டி வந்து நின்றது. பாய்லர் சரிசெய்ய வரவில்லை. வார்ம்ஸ்டெட்டின் வடகிழக்கு வட்டார அக்கறைத் தலைவி ஃபிலிப்பா க்ரோஸ்டன் வந்திருந்தார். முழு நிம்மதித் திட்டத்தில் சேர்ந்த பத்தாயிரமாவது வாடிக்கையாளர் லயனல்தான் என்று கணினி கண்டுபிடித்திருந்தது. கதகதப்புக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தவர் வேறு. அவரை அவர் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்து எல்லாப் பேருந்துகளின் முதுகிலும் போடப் போகிறார்கள்.

ஃபிலிப்பா க்ரோஸ்டன் கோட்டைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். படம் எடுப்பவர் கேமராவில் பார்த்துவிட்டு, எல்லோர் வாயிலிருந்தும் புகை வருகிறது, படத்தில் நன்றாக இருக்காது என்றார். அதற்கு அவர்களிடம் வழி இருந்தது. வண்டியிலிருந்து சத்தமில்லாத பெரிய எண்ணெய் ஹீட்டர்கள் ஐந்தை இறக்கி, சோபாவுக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் மறைத்து வைத்தார்கள். இவை எப்போதும் வண்டியிலேயே இருக்குமா என்று லயனல் கேட்டதற்கு, வாடிக்கையாளர் வீடுகளில் படம் எடுப்பதென்றால் வேறு வழி ஏது என்றார் படம் எடுப்பவர். சுவரிலும் ரேடியேட்டரிலும் இருந்த சிவப்பு ஒட்டுகளையும் கவனமாக உரித்து வைத்துக்கொண்டார்கள்.

அறை சூடாகும்வரை ஃபிலிப்பா க்ரோஸ்டன் பேசினார். லயனல் தன் நிலைமையை முழுதாகச் சொன்னார். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"உங்க கிட்ட மனசு விட்டுப் பேசறேன், லயனல். எங்க வாடிக்கையாளர்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் எதையும் கோரறதே இல்லை. அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. கோரற நாலு பேர்தான் வருத்தப்படறாங்க. இதை ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணினோம். கோரறதுதான் மனுஷனை வருத்தப்பட வைக்குதுன்னு முடிவுக்கு வந்தோம். அதுலேருந்து யாரையும் அந்த நிலைமைக்குப் போகவிடாம தடுக்கறதுக்குத்தான் எங்க உழைப்பெல்லாம். நான் உங்களுக்கு ஒரு ஆளை இன்னிக்கே அனுப்பிடலாம். ஆனா அப்புறம் நீங்க அந்த நாலு பேர்ல ஒருத்தர் ஆயிடுவீங்களே."

லயனல் தலையாட்டினார். அறை இருபது டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் மரிசெல் கதவைத் தட்டினாள். மூன்று வீடுகள் தள்ளி ஒரு நோயாளியைப் பார்க்க வந்தவள், அப்படியே இதையும் அளந்துவிடலாம் என்று வந்திருந்தாள். கருவியை முன்னறை நடுவில் வைத்தாள். இருபத்திரண்டு காட்டியது. பாய்லர் ஒழுங்காக ஓடுகிறதா என்று லயனலைக் கேட்டாள். லயனல் வாயைத் திறப்பதற்குள் ஃபிலிப்பா க்ரோஸ்டன் முந்திக்கொண்டார்.

"அவர் எங்க முழு நிம்மதித் திட்டத்துல இருக்காரு."

மரிசெலுக்குப் பெரிய நிம்மதி. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்க ஓடினாள். லயனல் அவள் பின்னாலேயே வாசல்வரை போய் ஏதோ சொன்னார். அவள் கார் கிளம்பிய சத்தத்தில் அது கேட்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் ஹீட்டர்களை ஏற்றினார்கள். ஒட்டுகளை அவசரமாகத் திரும்ப ஒட்டிவிட்டுப் போனார்கள். சில இடம் மாறிவிட்டன. அரைமணியில் அறை பழையபடி ஆனது.

மறுநாள் அவர் வார்டுக்குப் போனபோது தெல்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னாள். பிறகு அவர் முழங்கைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து எதையோ உரித்தாள். 'இது காப்பீட்டில் இல்லை' என்ற சிவப்புத் தாள் அவர் கோட்டில் ஒட்டியிருந்தது. அதோடுதான் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்.

"என்ன இது?" என்று கேட்டாள் தெல்மா.

அவர் சொல்ல ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாததால் முழுதாகச் சொல்லிவிட்டார். மரிசெலைக் கூப்பிட்டு அந்தக் கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லப் போவதாகவும் சொன்னார். தெல்மா நாற்பது வருடம் பள்ளிச் சமையலறை நடத்தியவள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று அவர் நினைத்தார்.

"நான் வீட்டுல இருந்தா நாலு மணி நேரத்துல வருவாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் வர்றேன். வந்து உட்கார்ந்துக்கறேன். நீ போன் பண்ணு."

கூடாது என்றார் லயனல். உன் நுரையீரல் தாங்காது என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் குரலில் பயம் தெரிந்தது.

"நான் வராட்டா நீதான் தாங்கமாட்ட. உன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்தியா? மீன்கடைப் பெட்டியில படுத்திருக்கறது மாதிரி இருக்க" என்றாள் தெல்மா. "இனிமே இதைப் பத்திப் பேச்சில்லை. நாலு போர்வையும் ரெண்டு சுடுதண்ணிப் பையும் தயாரா வை."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைச் சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுவந்தார்கள். ஒருவன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தான். தாளில் இருபத்திரண்டு என்று இருந்தது. தாளை நம்பிப் போய்விட்டான். நானும் என் போர்வைகளைக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காவது வந்து உட்காருங்கள் என்றேன். நான் இங்கே இல்லையென்றால் நான் இல்லை என்று எழுதிவிடுவார்கள் என்றாள் தெல்மா. மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய அவள் உட்கார்ந்திருக்க, லயனல் தொலைபேசியில் தீயைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அவள் இருமும்போதும் அவர் பார்வை கடிகாரத்துக்குப் போய் வந்தது.

கர்ஸ்டி வந்தாள். உடல்நலம் குன்றியவர் இப்போது வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றார். அவர் குளிரைக் கவனித்தாரா என்று கேட்டாள். தெல்மா கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மூச்சுவிடச் சிரமப்படும் ஒருத்திக்கு அது நீளமான பேச்சு. ஆள் கிளம்பிவிட்டதாகக் கர்ஸ்டி சொன்னாள்.

இரண்டு மணி நேரத்தில் கோர்டன் என்ற மெக்கானிக் வந்தான். வாட்டசாட்டமான ஆள். பாய்லரின் சிவப்பு விளக்கை ஒரு தடவை பார்த்தான். வெளியே போய்ச் சுவரோடு இறங்கும் கழிவுநீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தான். உள்ளே வந்து கெட்டிலில் தண்ணீர் வைக்கச் சொன்னான். டீ கேட்கிறான் என்று லயனல் கோப்பையை எடுத்தார். கோர்டன் கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சுடுதண்ணீரில் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்து எடுத்துப்போய் அந்தக் குழாயின் மேல் மெல்ல ஊற்றினான். உள்ளே ஏதோ கரைந்து சளக்கென்று இறங்கியது. திரும்பி வந்து ஒரு பொத்தானை அழுத்தினான். பாய்லர் இருமியது. பற்றிக்கொண்டது.

மொத்தம் பதினொரு நிமிடம்.

"குழாய்ல தண்ணி உறைஞ்சு அடைச்சிருந்துது, தலைவரே. அவ்ளோதான்."

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்க முடியாதா என்று லயனல் கேட்டார். சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் இருப்பவர்கள் வழி சொன்னால் அது பழுது பார்த்ததாக ஆகிவிடும், அவர்களுக்கு அந்த உரிமம் கிடையாது என்றான் கோர்டன். பிறகு குழாயில் இருந்த சிவப்பு ஒட்டைக் காட்டினான். இது காப்பீட்டில் இல்லாத குழாய். இதைத் தான் தொட்டதாக எழுதினால் வேலை போய்விடும்.

"அதனால நான் ஒண்ணும் பண்ணலை. நீங்க டீ போட்டீங்க. கை தவறி வெளியில கொட்டிடுச்சு. சரியா?"

சரி என்றார் லயனல். அவன் நிஜமாகவே ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் அறை இருபத்தொன்றைத் தொட்டது. தெல்மா மூன்று போர்வைகளைத் தள்ளிவிட்டுத் தூங்கினாள். லயனல் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு ரேடியேட்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் வெகுநேரம் அழுதார். நான் என் போர்வைகளை எடுக்கப் போனவன், எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் மாதம், நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு, தெல்மா வார்ம்ஸ்டெட்டை அழைத்துத் திட்டத்தை ரத்து செய்யச் சொன்னாள். காரணம் கேட்டார்கள். வீடு சூடாக இருக்கிறது, அதனால் வேண்டாம் என்றாள். அப்படியொரு காரணம் பட்டியலில் இல்லை என்றார்கள். பட்டியலில் மூன்றுதான் இருந்தன. வீடு மாறியது, பாய்லரை மாற்றியது, வாடிக்கையாளர் காலமானது. இருப்பதில் எது ஓரளவு பொருந்துமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பத்து நாளில் கறுப்புக் கரையிட்ட உறையில் ஒரு கடிதம் வந்தது. காலைச் சாப்பாட்டின்போது லயனல்தான் பிரித்தார். தம் வாடிக்கையாளர் லயனல் ஹார்க்கரின் மறைவுக்கு வார்ம்ஸ்டெட் குடும்பம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தது. அவர் கதகதப்பான மனிதர் என்றும், கதகதப்புக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தவர் என்றும், அவருடைய முகம் இந்த வருடம் முழுவதும் பேருந்துகளில் தொடர்ந்து இருக்கும் என்றும் எழுதியிருந்தது. துணைவியார் விரும்பினால் திட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு இருபத்தெட்டு நாள் ஆறவிடும் காலம் உண்டு. கீழே ஃபிலிப்பா க்ரோஸ்டனின் கையெழுத்து.

லயனல் அதை இரண்டு முறை படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கூப்பிட்டு, நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிடட்டுமா?"

தெல்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரம் காத்திருக்கணும்?"

"ஐம்பது நிமிஷம் ஆகும்."

"வேண்டாம், செத்தே இரு" என்றாள் அவள். "டீ ஆறிடும்."